நந்தன் கதையை முழுதாகப் பாடுங்கள்

ஐயா, கர்நாடக இசைக் கச்சேரிகளில் தமிழ்ப் பாடல்களின் எண்ணிக்கை குறைவாக இருப்பது பற்றிய தங்கள் தலையங்கம் படித்தேன். எண்ணிக்கையைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரம் (1861-இல் அச்சேறியது), தீண்டத்தகாதவராக ஒதுக்கப்பட்ட பண்ணையாளும் சிவபக்தருமான நந்தனின் கதை; கதை சொல்லிப் பாடுவதற்கென்றே பிறந்தது. இன்றோ ஓரிரு பாடல்களை மட்டும் தனியே எடுத்துப் பாடுகிறார்கள். சிதம்பரம் போகத் தன் பண்ணையாரான வேதியரிடம் நந்தன் அனுமதி கேட்டு மன்றாடும் இடம் காதில் விழுவதே இல்லை.

சிறுவயதில் எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் இதைக் காலட்சேபமாக, அதாவது பாட்டும் உரையுமாகக் கதை சொல்லக் கேட்டிருக்கிறேன். மாஞ்சி ராகத்தில், 'வருகலாமோ' என்று நந்தன் சிவபெருமானிடம் அருகே வரலாமா எனக் கேட்கும் பாடலைத் தொடங்கும்போது, கதை சொன்ன பாகவதர் கையில் தாளம் தட்டும் சிப்ளாக்கட்டையைக் கீழே வைத்துவிட்டார். அருகிலிருந்த பாட்டி முந்தானையால் கண்களை ஒற்றிக்கொண்டார். கேட்பது யார், ஏன் கேட்கிறான் என்பது அங்கிருந்த அனைவருக்கும் தெரிந்திருந்தது. கச்சேரிகளை நடத்தும் சபாக்கள் ஆண்டுக்கு ஒரு மாலையையேனும் முழுச் சரித்திரத்துக்கு ஒதுக்க வேண்டும்.

– வாசகர், மயிலாடுதுறை