பழைய பத்திரங்களும் பரம்பரை நோயும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். "குடும்பத்தில் யாருக்கு என்ன நோய்?" என்று மருத்துவர் கேட்டபோது, தாத்தாவுக்கு மேல் ஒன்றும் சொல்லத் தெரியவில்லை என்று வருத்தப்பட்டிருந்தாய். ஓய்வு பெற்றதிலிருந்து நானும் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பெரியவர்களின் மருத்துவக் காகிதங்கள் அனேகமாகக் கிடைக்காது. இறப்புப் பதிவு கிடைத்தாலும் 'காய்ச்சல்', 'மூப்பு' என்று ஒற்றைச் சொல்லோடு முடிந்துவிடும். நிலப் பத்திரம் அப்படியில்லை. சொத்து விஷயத்தில் யாரும் ஏனோதானோவென்று எழுதமாட்டார்கள், எழுதியதைத் தொலைக்கவும் மாட்டார்கள்.

எங்கள் பெட்டியில் இருந்த இரண்டு பத்திரங்களைச் சொல்கிறேன். முதலாவதில் என் பூட்டனார் தானே கையெழுத்துப் போட்டு நிலம் வாங்குகிறார், வயது 38. ஆறு வருடம் கழித்து எழுதிய இன்னொன்றில், மைனர் பிள்ளைகளுக்குக் கார்டியனாக அவர் மனைவி கைநாட்டு வைத்திருக்கிறார். 44 வயதைத் தாண்டுவதற்குள் மனிதர் போய்விட்டார் என்பது அந்தப் பெருவிரல் ரேகையைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. எப்படிப் போனார் என்று பத்திரம் சொல்லாது. அத்தையிடம் கேட்டேன். "நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான்" என்று அவருடைய பாட்டி சொல்வாராம். என் அப்பாவுக்கும் 51-இல் மாரடைப்பு வந்தது உனக்குத் தெரியும்.

அப்பா, அண்ணன் தம்பி என்றால் 55 வயதுக்கு முன்பும், அம்மா, அக்கா தங்கை என்றால் 65-க்கு முன்பும் இதய நோய் வந்திருந்தால் மருத்துவர்கள் அதைத் தனியாகக் குறித்துக்கொள்கிறார்கள். இப்படிச் சீக்கிரமே இதய நோயைக் கொண்டுவரும், பரம்பரையாக வரும் ரத்தக் கொழுப்புக் கோளாறு ஒன்று உண்டு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதனால் என் பையன்கள் இருவரையும் ரத்தக் கொழுப்புப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறேன்.

அப்புறம், விடுதலைப் பத்திரங்களை விட்டுவிடாதே. மற்ற பத்திரங்களில் தலைகாட்டாத பெண்மக்கள், பாத்தியத்தை விட்டுக்கொடுக்கும்போது கணவர் பெயரோடு அதில் வருவார்கள். மார்பகப் புற்றுநோய்க்கு வழிவிடும் மரபணு அப்பா வழியாகவும் வரும். ஆகவே அப்பாவின் அக்கா தங்கைகளை விசாரிக்காமல் எழுதும் குடும்ப வரலாறு பாதிதான். தத்து எடுத்த இடத்தில் மட்டும் நிதானமாகப் பார். நிலம் தத்துப்பிள்ளைக்குப் போகும், பரம்பரை நோய் போகாது.

பல தலைமுறைகளைச் சேர்த்துப் பார்ப்பதற்கு எவ்வளவு வலு என்பதற்கு அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் ஹண்டிங்டன் ஒருவரே போதும். 1872-இல், 22 வயதில், கைகால் தானாக ஆடும் ஒரு பரம்பரை நோயைப் பற்றி எழுதினார். அவருடைய அப்பாவும் தாத்தாவும் மருத்துவர்கள். அதே குடும்பங்களை மூன்று தலைமுறையாகப் பார்த்துவந்த அனுபவம் அவருக்குக் கைகொடுத்தது. அதற்கான மரபணு 1993-இல்தான் கிடைத்தது.

நீ முதலில் உன் பெரியம்மாவிடம் போய் உட்கார். பத்திரம் எங்கேயும் போகாது, அவர் நினைவு அப்படியில்லை. நோயின் பெயரைக் கேட்காதே. எந்த வயதில், எப்படி முடிந்தது, கடைசி மாதங்களில் உடம்பு எப்படி இருந்தது என்று கேள். பாகப்பிரிவினைப் பத்திரம் உன் தம்பியிடம்தானே இருக்கிறது? எல்லாப் பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல், பழைய கையெழுத்தை நான் படித்துச் சொல்கிறேன்.

குழந்தைக்கு என் ஆசிகள்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்