ஆழத்தைப் பார், கயல்

அன்புள்ள கயல்,

அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது. கடலூரில் இரண்டு நாளாக மழை.

ஜப்பானில் நீ இருக்கும் செண்டாயில் அடிக்கடி தரை அதிர்கிறது, ஜாவோ எரிமலையும் பக்கத்தில் இருக்கிறது, ஒவ்வோர் அதிர்வும் அதைக் கிளப்பிவிடுமா என்று போனில் கேட்டாய். அவசரமாகப் பதில் சொல்ல மனம் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அதிர்வு வந்ததும் எல்லாரும் ரிக்டர் எண்ணைத்தான் தேடுகிறார்கள். அது பூமிக்குள் எவ்வளவு ஆழத்தில் பிறந்தது என்பதையும் நீ பார். பசிபிக் கடலின் அடித்தளமான பெரும் பாறைத் தட்டு ஆண்டுக்குச் சுமார் 8 செ.மீ. நகர்ந்து, ஜப்பான் அகழி என்ற கடலடிப் பள்ளத்தில் மடங்கி, உன் ஊருக்கு அடியில் சரிவாக இறங்குகிறது. அகழி ஓரத்து அதிர்வுகள் ஆழம் குறைந்தவை. மேற்கே போகப்போக ஆழம் கூடி, ஜப்பான் கடலுக்கு அப்பால் 500 கி.மீ.க்கும் கீழே போய்விடும். கியோ வடாட்டி என்ற ஜப்பானியர் 1920களின் இறுதியிலேயே ஆழ்நில அதிர்வுகளைக் கண்டறிந்தார். தட்டுகளைப் பற்றிய கோட்பாடே பிறக்காத காலம் அது! அவரை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

அந்தச் சரிவு ஏறக்குறைய 100 கி.மீ. ஆழத்தைத் தொடும் இடத்துக்கு நேர்மேலே எரிமலைகள் வரிசையாக நிற்கின்றன. காரணம் தண்ணீர். கடலடிப் பாறையின் கனிமங்களில் பிணைந்திருக்கும் நீர், ஆழத்தின் அழுத்தத்திலும் வெப்பத்திலும் பிரிந்து மேலேயுள்ள பாறைக்குள் ஏறுகிறது. துறைமுகத்தில் பனிக்கட்டி மேல் உப்பைக் கொட்டினால் சீக்கிரம் உருகுமே, அப்படி அந்த நீர் பட்ட பாறை குறைந்த வெப்பத்திலேயே உருகிவிடுகிறது. நீர் பிரியும்போது தட்டும் உள்ளுக்குள் நொறுங்குவதால்தான் அந்த ஆழத்தில் அதிர்வுகள் வருகின்றன என்று பலர் கருதுகிறார்கள். ஆக, அதிர்வு எரிமலையைப் பிறப்பிப்பதில்லை. இரண்டுக்கும் வேர் அந்தத் தட்டுதான். பெருவின் நடுப்பகுதியில் தட்டு சரியாமல் கிடையாகவே போகிறது. அங்கே அதிர்வு உண்டு, உயிருள்ள எரிமலை இல்லை.

பெரிய அதிர்வு எரிமலையைத் தூண்டியதே இல்லையா என்றால், அப்படிச் சொல்ல முடியாது. 1707இல் ஹோய் பூகம்பம் வந்த 49ஆம் நாள் ஃபூஜி வெடித்தது. ஆனால் 2011இல் 9.0 அளவில் அதிர்ந்தபோது உன் பக்கத்து மலைகள் எதுவும் பெரிதாக வெடிக்கவில்லை. சில எரிமலைகளின் தரை 15 செ.மீ. வரை தாழ்ந்ததுதான் மிச்சம். ஏற்கெனவே வெடிக்கும் நிலையில் இருக்கும் மலையைத்தான் வெளி அதிர்வு தூண்டும் என்று படித்திருக்கிறேன்.

நம் கடலுக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். தேவனாம்பட்டினத்து மக்களைக் கடல் வாரிக்கொண்டு போன 2004 டிசம்பர் 26 அதிர்வு, இந்தியத் தட்டு சுமத்ரா, அந்தமான் பக்கம் இறங்கும் இடத்தில்தான் நிகழ்ந்தது. அதே வரிசையில் அந்தமானில் நிற்கும் எரிமலையான பாரன் தீவு 2005 மே மாதம் நெருப்பைக் கக்கியது. சுனாமி பூகம்பம்தான் அதைக் கிளப்பியது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அது 1991இலும் 1994இலும்கூட வெடித்த மலை.

ஜாவோவுக்கு நேர் அடியில், ஆழம் குறைந்த சிறு அதிர்வுகள் கூட்டமாக வந்தால் ஜப்பான் வானிலை முகமை எச்சரிக்கை நிலையை உயர்த்துகிறதா என்று பார்த்துக்கொள். உயர்த்தினால் அந்த வாரம் மலைப்பக்கம் போகாதே. கடலோரம் இருக்கும்போது நெடுநேரம் உலுக்கினால் அறிவிப்புக்காகக் காத்திருக்காமல் மேட்டுக்கு ஓடிவிடு. எங்களுக்கு அப்புறம் போன் செய்தால் போதும்.

அன்புடன்,
அப்பா