அரண்மனைக்காரன் தெருவில் ஒரு வேலை

அன்புள்ள மாப்ளே,

எட்டு மாதமாகப் பதில் போடாதவனை நீ எப்படித் திட்டுவாய் என்று தெரியும். திட்டி முடித்துவிட்டு மேலே படி. அம்மாவுக்கு மூட்டுவலி தேவலையா? இங்கே எல்லோரும் சுகம். எனக்குத் தொப்பை வந்தாயிற்று. நம் கண்ணாடிப் பயல் சொன்னது பலித்துவிட்டது என்று அவனிடம் மட்டும் சொல்லிவிடாதே.

விஷயம் வேறு. லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் ஆர்மீனியர்கள் நிறைந்த இந்த க்ளெண்டேலுக்குக் குடிவந்த புதிதில் ஏப்ரல் 24 அன்று மகளுக்குப் பள்ளி விடுமுறை. என்ன பண்டிகை என்று எதிர்வீட்டு ஆர்மீனிய அம்மாவிடம் கேட்டு வைத்தேன். அவர் முகம் செத்துப்போயிற்று. 1915இல் அந்தத் தேதியில்தான் கான்ஸ்டான்டிநோபிளில், அதாவது இன்றைய இஸ்தான்புல்லில், ஒட்டோமான் துருக்கி அரசு அவர்களுடைய எழுத்தாளர்களையும் ஆசிரியர்களையும் பிடித்துக்கொண்டு போனது. இனப்படுகொலைக்கு அதுதான் நினைவுநாள். அப்படிக் கேட்டவனையும் மன்னித்து, போன மாதம் அவரே ஒரு கூட்டத்துக்குக் கூட்டிப்போனார்.

சர்ச்சை ஒட்டிய ஹால், மடக்கு நாற்காலிகள். கராபாக்கைப் பற்றிப் பேச்சு; அஸர்பைஜானுக்குள் ஆர்மீனியர்கள் வாழ்ந்த மலைப்பகுதி அது. 2023 செப்டம்பரில் சில நாட்களுக்குள் ஒரு லட்சம் பேருக்கு மேல் ஊரைக் காலி செய்துவிட்டு வந்தார்களே, அது. பிறகு, 2025 ஆகஸ்டில் ஆர்மீனியாவும் அஸர்பைஜானும் வாஷிங்டனில் நடத்திய சமாதானப் பேச்சு சரியா என்று ஹாலே இரண்டாகப் பிரிந்தது. "இனியாவது பிள்ளைகள் சாகாமல் இருக்கட்டும்" என்று ஒருவர். "பறிபோன ஊருக்கு யார் பொறுப்பு?" என்று இன்னொருவர். பின்வரிசையில் ஒரு கிழவி இரண்டு கட்சிக்கும் சேர்த்து பக்லாவா விநியோகித்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் காபி. சின்னக் கோப்பையில் மண்டி கனமாக இருக்கும். குடித்ததும் கவிழ்த்து வைக்க வேண்டும், வண்டல் வழிந்த கோலத்தைப் பார்த்து ஜோசியம் சொல்வார்கள். என் கோப்பையை எடுத்த பெய்ரூட் பெரியவர், எந்த ஊர் என்று கேட்டார். சென்னை என்றேன், விளங்கவில்லை. மெட்ராஸ் என்றதும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "அஸ்தராரின் ஊர்க்காரனா நீ?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உலகத்திலேயே முதல் ஆர்மீனியப் பத்திரிகை அதுதானாம். 1794இல், நம் மெட்ராஸில். நடத்தியவர் ஷ்மாவோனியான் என்ற பாதிரியார், ஷிராஸில் இரண்டு மகன்களைப் பறிகொடுத்தவர். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் முதல் பாலம் கட்டியதும் ஓர் ஆர்மீனிய வியாபாரிதான், 1726இல். பெரியவர் சொல்லச் சொல்ல எனக்குக் கூச்சமாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயில் கூட்டத்தில் இடிபட்டு நம் அரண்மனைக்காரன் தெருவில் எத்தனை தடவை நடந்திருப்போம்! ஆர்மீனியன் தெருவைத்தான் நம் ஆட்கள் அரண்மனைக்காரன் தெரு ஆக்கினார்கள் என்பது தெரியாமல், அரண்மனை எங்கே என்று நீ தேடியது வேறு.

அவருடைய பேத்தி பக்கத்திலேயே நின்றாள். அவர் ஆர்மீனியத்தில் கேட்டதற்கெல்லாம் இங்கிலீஷில் பதில். அவர்கள் வீட்டில் பேசுவது மேற்கு ஆர்மீனியம், அழியும் ஆபத்தில் இருப்பதாக யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் மொழி. "உங்கள் மொழியை எத்தனை பேர் பேசுகிறீர்கள்?" என்றார். எட்டுக் கோடி பக்கம் இருக்கும் என்றேன். சிரித்துவிட்டு, "பிறகென்ன, நிம்மதியாகத் தூங்கு" என்றார். என் வீட்டில் இரண்டு பேர்தான் என்று சொல்ல வாய் வரவில்லை மாப்ளே. என் மகளும் அங்கேதான் இருந்தாள், போகலாமா என்று இங்கிலீஷில் நச்சரித்துக்கொண்டு. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பை அவள் விட்டு ஒரு வருடம் ஆகிறது. மல்லுக்கட்டச் சோம்பலாக இருந்தது, அவ்வளவுதான் காரணம்.

சரி, உனக்கு ஒரு வேலை. அந்தப் பாதிரியாரின் கல்லறை அந்தத் தெரு ஆர்மீனியன் சர்ச் வளாகத்திலேயே இருக்கிறது. 1824இல் இறந்தவர். ஒரு படம் எடுத்து அனுப்பு. பெரியவரிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன், பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார். கல்லில் இருக்கும் எழுத்து தெளிவாக விழவேண்டும், உன் விரல் விழக்கூடாது. கண்ணாடியையும் இழுத்துக்கொண்டு போ, டீக்காசு அவன் தலையில்.

உன்,
தொப்பை