பீச் ரோடு வேலை பற்றி அம்மா எழுதுவது

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்புள்ள தம்பிக்கு,

போனில் உனக்கும் கோபம் வந்துவிட்டது, எனக்கும் வந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார்.

வேலைக்குப் போகாதே என்று நான் சொல்லவே இல்லை. பாண்டிச்சேரியில் பாலிடெக்னிக் படித்துக்கொண்டே கைச்செலவுக்குச் சம்பாதிக்க நினைக்கிறாய், சந்தோஷம்தான். சனி, ஞாயிறு சாயங்காலம் 6 மணியிலிருந்து ராத்திரி 11 வரை அந்தப் பீச் ரோடு ஹோட்டலில் என்றாயே, அதுகூட அப்புறம். யாராவது கேட்டால் வயது பதினெட்டு என்று சொல்லிவிடு என மேனேஜர் சொன்னதாகச் சிரித்துக்கொண்டே சொன்னாய் பார், அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது.

உன்னிடம் இதைச் சொன்னதில்லை. பதினைந்து வயதில் பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கப் போனேன். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும். சாம்பலைத் தேய்த்துக்கொண்டு உடைப்போம், அப்படியும் விரல் நுனி கறுத்து உரியும். பெரியம்மா கல்யாணத்துக்கு மருதாணி வைத்தபோது என் விரலில் மட்டும் சிவப்பே தெரியவில்லை. அதிகாரி வருகிறார் என்றால் எங்களைப் பின்பக்கத் தோப்புக்குள் விரட்டிவிடுவார்கள். ஒருநாள் வறுத்த கொட்டை சரிந்து என் முழங்கால் வெந்துபோனது. வைத்தியச் செலவு கேட்டு உன் தாத்தா போனார். நோட்டைப் புரட்டிக் காட்டி, "உங்க பொண்ணு பேரே இதுல இல்லையே" என்றார்களாம். அந்தத் தழும்பு சைக்கிளிலிருந்து விழுந்தது என்று உனக்குச் சொன்னது பொய்.

வக்கீல் ஆபீசில் டைப் அடிக்க வந்த பிறகுதான் சட்டத்தையே படித்தேன். 1986ஆம் வருடக் குழந்தைத் தொழிலாளர் சட்டம், 2016ல் திருத்தினார்கள். 14 முடிந்து 18 ஆகாதவர்களைச் சுரங்கம், வெடிபொருள், தீப்பற்றும் பொருள், ஆபத்தான ரசாயன வேலை எதிலும் சேர்க்கக் கூடாது. இங்கே சிப்காட் தொழிற்பேட்டையில் மாமா மூலமாகக் கெமிக்கல் பிளான்ட் வேலை கிடைக்குமா என்று கேட்டாயே, அதற்கும் இதுதான் பதில். மற்ற இடங்களில் சேரலாம். ஆனால் ராத்திரி 7 முதல் காலை 8 வரை வேலை வாங்கக் கூடாது, ஓவர்டைமும் கிடையாது. 3 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, நடுவில் ஒரு மணி நேரம் ஓய்வு தர வேண்டும். அந்த ஓய்வும் சும்மா காத்திருக்கும் நேரமும் சேர்த்தே நாளுக்கு 6 மணி நேரம்தான். வாரத்தில் ஒரு முழுநாள் லீவு. முக்கியமாக, உன் பெயர், பிறந்த தேதி, வேலை நேரம் எல்லாவற்றையும் முதலாளி பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். பதினெட்டு என்று நீயே சொல்லிவிட்டால் இதில் எதையும் உனக்காக யாரிடமும் கேட்பது கஷ்டமாகிவிடும். கொதிக்கிற சாம்பார் கையில் கொட்டினால் நான் போய் எந்த நோட்டைப் புரட்டுவது?

சித்தப்பா ஸ்கூட்டரில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் யோசனையையும் விட்டுவிடு. பதினாறு வயதில் கிடைக்கிற லைசென்ஸ் 50 சிசிக்குள், கியர் இல்லாத வண்டிக்கு மட்டும்தான். அவருடையது 110. பிடித்தால் 25,000 ரூபாய் அபராதம், ஜெயில் வரைக்கும் போகும், அதுவும் எங்கள் தலையில்தான். உனக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. பாவம், அவர் கேட்டால் சாவியைக் கொடுத்துவிடுவார். நீ கேட்காதே.

உன் பாலிடெக்னிக் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் ஆள் தேடுகிறார்கள் என்றாயே, எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. சனிக்கிழமை பகலில் நாலைந்து மணி நேரம் போதும். ஸ்பைரல் பைண்டிங், கல்லாக் கணக்கு எல்லாம் பழகிக்கொள்ளலாம். சம்பளம் ஹோட்டலைவிடக் குறைவு, டிப்ஸும் வராது, தெரியும். இல்லை, கொஞ்சம் ஓடியாடத்தான் வேண்டும் என்றால் காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பகல் நேரத் துணிக்கடை ஏதாவது பார். ஆடியில் உனக்கு நிஜமாகவே பதினெட்டு ஆகிவிடும். அப்புறம் ஹோட்டல் உன் இஷ்டம், நான் வாயைத் திறக்க மாட்டேன். சரி, கொஞ்சம் திறப்பேன்.

உன் பிறப்புச் சான்றிதழ் நகல் இரண்டு இதோடு வைத்திருக்கிறேன். கடைக்காரர் கேட்டால் ஒன்றைக் கொடு. கேட்காவிட்டாலும் கொடு.

அம்மா