சுவர் பூசும் முன்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய ஹால் வரைபடத்தைப் பார்த்தேன். வெள்ளைச் சுவர், அதில் ஒரே ஒரு டிவி, எதிர்ச்சுவரில் சோபா, மற்றதெல்லாம் கதவு போட்ட அலமாரிக்குள். நீயும் மாப்பிள்ளையும் ரொம்ப யோசித்து வரைந்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. ஆனால் இது வாசலில் நின்று பார்ப்பவருக்குப் பிடிக்கும் அறை. நீங்கள் இருவரும் வேலை முடித்து வந்து, ஆளுக்கொரு கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டு வீடியோ கேம் விளையாட உட்காரப் போகிறவர்கள். சோபாவில் உட்கார்ந்த கண்ணோடு அதே அறையை இன்னொரு முறை வரைந்து பார்.

முதலில் தூரம். 65 அங்குல டிவி என்று குறித்திருக்கிறாய். அது மூலைக்கு மூலை எடுத்த அளவு. சுவரில் அது பிடிக்கிற அகலம் சுமார் 144 செ.மீ. அந்த மூலைக்கு மூலை அளவை 1.2-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 2 மீட்டர், 1.6-ஆல் பெருக்கினால் 2.6 மீட்டர். இந்த இரண்டுக்கும் இடையில் உட்கார்ந்தால் படம் கண் நிறையத் தெரியும், விளையாட்டின் ஓரத்தில் வரும் பொடி எழுத்தும் படிக்க வரும். உன் சோபாவோ 4 மீட்டர் தள்ளி இருக்கிறது. நடுவில் தரை காலியாகத் தெரியட்டும் என்று தள்ளியிருப்பாய். முன்னால் இழுத்துவிடு. சோபாவுக்குப் பின்னால் நடக்க வழி கிடைக்கும். முக்கியமான கட்டத்தில் யாரும் திரைக்குக் குறுக்கே போக வேண்டாம். உயரத்துக்கும் இதே கணக்குதான். உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து சுமார் 1 மீட்டர் உயரத்தில் இருக்கும். திரையின் நடு அதை ஒட்டி வந்தால் போதும். ஓவியம் மாட்டுகிற உயரத்தில் டிவியை மாட்டினால் கழுத்துதான் கஷ்டப்படும். ஜன்னல் பக்கவாட்டில் வருகிறது, அது நல்லது, மாற்றாதே.

அடுத்தது அந்தக் கதவு போட்ட அலமாரி. அதைப் பார்த்துத்தான் எனக்குக் கவலையே வந்தது. பிளேஸ்டேஷன் 5 போன்ற கேம் கன்சோல் பெரிய விளையாட்டுகளை ஓட்டும்போது 200 வாட் அளவுக்கு மின்சாரம் இழுக்கும். இழுத்த மின்சாரம் முழுக்கக் கடைசியில் சூடாக வெளியே வந்தாக வேண்டும். கதவைச் சாத்திவிட்டால் ஃபேன் தான் தள்ளிய சூட்டையே திரும்ப உள்ளே இழுக்கும். வேகமாகச் சுற்றும், சத்தம் கூடும், அப்புறமும் சூடு தணியவில்லை என்றால் கருவி தானே அணைந்துவிடும். அதோடு, 2020-ல் வந்த பிளேஸ்டேஷன் 5-இன் முதல் மாடல் 39 செ.மீ. நீளம், 26 செ.மீ. ஆழம். நீ அலமாரிக்குக் கொடுத்திருக்கும் ஆழம் 30 செ.மீ.தான். பின்னால் மிஞ்சும் 4 செ.மீ.யில் கேபிள் மடங்கக்கூட இடமில்லை. சுவருக்கும் கன்சோலுக்கும் நடுவே 10 செ.மீ.யாவது விடு. முன்பக்கக் கதவும் வேண்டாம், பின்பலகையும் வேண்டாம்.

கருவி கண்ணில் பட்டால் அறை குப்பையாகத் தெரியும் என்று நீ நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. பழைய ரேடியோக்களையும் இசைத்தட்டுக் கருவிகளையும் மரச்சாமான் போலவே செய்து, பெட்டிக்குள் மறைத்து வைப்பார்கள். 1956-ல் ஹான்ஸ் குகெலாட்டும் டீட்டர் ராம்ஸும் ஜெர்மனியின் பிரான் நிறுவனத்துக்காக எஸ்கே 4 என்ற ரேடியோவும் இசைத்தட்டும் சேர்ந்த கருவியை வடிவமைத்தபோது, மேலே ஒளி ஊடுருவும் மூடியைப் போட்டு உள்ளே இருப்பதை அப்படியே தெரிய விட்டார்கள். எளிமை என்றாலே இன்றும் பலர் எடுத்துக்காட்டுவது அந்தக் கருவியைத்தான். தினமும் கை படுகிற இரண்டு மூன்று பொருட்கள் திறந்த தட்டில், சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டு இருந்தால், அதுவே சுத்தமான வீடுதான்.

கண்ணை உறுத்துவது கேபிள்தான். சுவர் இன்னும் திறந்திருப்பதால் இதை அழகாகச் சரி செய்துவிடலாம். எலக்ட்ரீஷியனிடம் நீ நேரில் நின்று சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: சுவருக்குள் கேபிளைப் புதைக்க வேண்டாம், குழாயைப் புதைக்கட்டும். கன்சோலிலிருந்து டிவிக்குப் படமும் ஒலியும் கொண்டுபோகிற இணைப்பு ஹெச்டிஎம்ஐ. அதன் 2.1 பதிப்பு வெளியானது 2017-ல். நொடிக்கு 48 கிகாபிட் வரை கடத்தும். 4கே என்ற மிகத் தெளிவான படத்தை நொடிக்கு 120 முறை காட்ட இன்றைய கன்சோல்கள் நம்பியிருப்பது அதைத்தான். அதற்கு முந்தைய கேபிளைச் சுவருக்குள் வைத்துப் பூசியவர்கள் சுவரை உடைக்க வேண்டும், இல்லையென்றால் வெளியே தொங்கவிட வேண்டும். நாளைக்கு வரப்போகும் கேபிளுக்கும் இதே கதை வரும். குழாய் இருந்தால் பழையதை உருவிவிட்டுப் புதியதை இழுத்துக்கொள்ளலாம். ஹெச்டிஎம்ஐ தலை அகலமானது என்பதால் 40 மி.மீ.க்குக் குறையாத குழாய் கேள். சட்டென்று மடக்கும் எல்போ வேண்டாம், வளைவு நிதானமாகப் போகட்டும். உள்ளே ஒரு நைலான் கயிற்றை விட்டு வைக்கச் சொல். மின்சார வயருக்குத் தனிக் குழாய்.

கன்சோலை டிவிக்கு நேர் கீழேயே வைத்துவிட்டால் கேபிள் 2 மீட்டரில் முடிந்துவிடும். 48 கிகாபிட் கடத்தும் சாதாரண செம்புக் கேபிள் 5 மீட்டரைத் தாண்டினால் படம் விட்டு விட்டு வரலாம், அதனால் அடுத்த அறையில் எல்லாவற்றையும் அடுக்குகிற யோசனையை விட்டுவிடு. டிவிக்குப் பின்னால் இரண்டு பிளக் பாயின்ட், கீழ்த் தட்டில் நான்கு. இன்டர்நெட்டுக்கு ஒரு கேட் 6 (நெட்வொர்க் வயர்) இணைப்பு அந்தச் சுவருக்கே வரட்டும். வைஃபை எவ்வளவு நன்றாக இருந்தாலும், நண்பர்களோடு ஆன்லைனில் விளையாடும்போது வயர் தரும் நிதானம் வேறு.

கன்ட்ரோலர்களுக்கும் ஹெட்போனுக்கும் சோபாவின் பக்கத்திலேயே ஓர் இழுப்பறை செய்யுங்கள். அதன் பின்பக்கம் ஒரு சார்ஜிங் பாயின்ட். கை எட்டும் தூரத்தில் இடம் இருந்தால் பொருள் தானாக அங்கே போய்விடும். எழுந்து போய் வைக்க வேண்டும் என்றால் அது சோபா மேலேயே கிடக்கும், இது எல்லோருக்கும் நடப்பதுதான். அப்புறம், ரொம்ப நாள் தொடாத கன்ட்ரோலரை முழுக்கக் காலியான சார்ஜோடு விட்டுவிடாதே. பாதி சார்ஜில் வைத்தால் அந்த பேட்டரி நீடிக்கும்.

இப்போது சத்தம். வெறும் சுவர், வெறும் தரை, பெரிய கண்ணாடி ஜன்னல் என்று வைத்துவிட்டால் அறை எதிரொலிக்கும். காலியான அறையில் நின்று ஒருமுறை கை தட்டிப் பார், உனக்கே கேட்கும். எத்தனை நல்ல ஸ்பீக்கர் வாங்கினாலும் வசனம் கலங்கித்தான் வரும். தரையில் ஒரு தடித்த விரிப்பு, ஜன்னலுக்குக் கனமான திரைச்சீலை, பின்சுவரில் ஏதாவது ஒரு ஷெல்ஃப், இந்த மூன்றும் வேண்டும். இவற்றை அலங்காரக் கணக்கில் சேர்த்துக் கழித்துவிடாதே.

அந்த ஷெல்ஃபில் என்ன வைப்பது என்றால், நீ யாருக்காவது கொடுத்துவிடப் போவதாக எழுதியிருக்கும் விளையாட்டு டிஸ்க்குகளை வை. இதை மட்டும் கொஞ்சம் நின்று யோசி, அம்மா. எல்லாம் டிஜிட்டலில் கிடைக்கிறது என்கிறாய். நின்டெண்டோ 2023 மார்ச் 27 அன்று 3டிஎஸ், வீ யூ என்ற தன் இரண்டு கேம் கருவிகளுக்குமான ஆன்லைன் கடையை மூடியது. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோலின் கடை 2024 ஜூலை 29 அன்று மூடியது. அந்தக் கடைகளில் மட்டுமே விற்ற விளையாட்டுகள் எத்தனையோ, இனி புதிதாக வாங்க வழியில்லை. உன் கையில் இருக்கும் டிஸ்க்கை யாரும் மூட முடியாது. பள்ளி நாளில் அவற்றை வரிசைப்படுத்தி, எதை முடித்தாய் எதை முடிக்கவில்லை என்று நோட்டில் குறித்து வைத்தவள் நீ. ஒரு டிஸ்க் பெட்டியின் அகலம் 14 செ.மீ.க்குள்தான். 15 செ.மீ. ஆழத்தில் ஒல்லியாக ஒரு ஷெல்ஃப் போதும், நடக்கிற வழியை அடைக்காது. நிற்க வைத்து அடுக்கு. கன்சோல் வாங்கும்போது டிஸ்க் டிரைவ் உள்ளதா என்றும் பார்த்துக்கொள். கழிக்க வேண்டும் என்றால் உடைந்த ஹெட்போன், எதற்கு என்றே தெரியாத சார்ஜர், வாரன்டி முடிந்தவற்றின் அட்டைப்பெட்டி, இதையெல்லாம் தாராளமாகக் கழி.

கொத்தனார் பூசத் தொடங்குவதற்கு முன், குழாய் போகும் சுவர்களில் அளவு டேப்பை நீட்டிப் பிடித்து ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து வை. பின்னாளில் ஆணி அடிக்கும்போது எங்கே என்ன ஓடுகிறது என்று தெரியும். ஒரு பிரதி எனக்கும் அனுப்பு. சோபாவை இழுத்து வரைந்த புது வரைபடத்தையும் அதோடு அனுப்பிவிடு, மாப்பிள்ளையோடு போனில் பேசிவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா