கல்வெட்டுல பேரு வெட்டுறதுக்கு முன்னாடி

கல்லூரி நிர்வாகத்துல உள்ள எல்லாருக்கும் வணக்கம். எந்த காலேஜுன்னு எழுதல, வாசிச்சா உங்களுக்கே தெரியும்.

மணல் கம்பெனி நடத்துன குடும்பம் காசு தந்து கடலோர ஆராய்ச்சி மையம் வரப்போவுதுன்னு நோட்டீஸ் பாத்தேன். வேண்டாம்னு சொல்ல வரல. ஆனா போன மாசம் மீட்டிங்ல நான் எந்திச்சு "அந்தக் காசு எப்படி வந்துச்சு சார்"னு கேட்டதுக்கு, "டீ ஆறிரும், முதல்ல குடிங்க"ன்னு மைக்கை வாங்கிட்டீங்கல்லா, அதுக்குத்தான் இந்த மடல்.

எனக்க அப்பா அந்த கம்பெனியில தினக்கூலிக்கு மணல் சுமந்தவரு. சாயங்காலம் அம்மா அவருக்க சட்டையை முற்றத்துல உதறுனா மடிச்சுத் தைச்ச ஓரத்துல இருந்து கருமணல் கொட்டும், நாங்க பழைய ஸ்பீக்கர் காந்தத்தை தாளுக்கு அடியில புடிச்சு அதை எறும்பு மாதிரி ஊர வச்சு விளையாடுவோம். இந்த மணலுல மோனசைட்னு ஒரு தாது உண்டு, அதுல தோரியம் உண்டு, தோரியத்துல கதிர்வீச்சு உண்டுன்னு எங்க வீட்டுக்கு வந்து ஒருத்தரும் சொல்லல. தெரியாதுன்னு சொல்லவும் முடியாது, 1909லயே ஷோம்பர்க்னு ஒரு ஜெர்மன்காரர் இங்கேர்ந்து போன கயிறுல ஒட்டியிருந்த மணலைப் பாத்து மணவாளக்குறிச்சிக்கு தேடி வந்தாரு, எல்லாம் காஸ் விளக்குல வெளிச்சம் தர்ற வலை இருக்குல்லா, அந்த மேண்டிலுக்கு தோரியம் வேணும்னுதான்.

ஜெர்மனின்னதும் ஹாம்பர்க் ஞாபகம் வருது. ரீம்ட்ஸ்மான்னு பெரிய சிகரெட் குடும்பம், நாஜி காலத்துல ஹிட்லருக்க பெரிய மந்திரி கோரிங்குக்கு காசை அள்ளிக் கொடுத்து தொழிலைக் காப்பாத்திக்கிட்டவங்க, கிரிமியாவுல அவங்க புகையிலைக்காக நடந்த கட்டாய உழைப்பைப் பத்தி 2011ல தனி புத்தகமே வந்துச்சு. அந்த வீட்டு வாரிசு யான் ஃபிலிப் தனக்க பங்கை வித்துட்டு 1984ல சமூக ஆராய்ச்சி நிறுவனம் தொடங்குனாரு. 1995ல அந்த நிறுவனம் வச்ச கண்காட்சி ரெண்டாம் உலகப் போர்ல ஜெர்மன் ராணுவம் செஞ்ச கொடுமையைப் பத்தி, ஊரே கொதிச்சுப் போச்சு, ஏன்னா ராணுவம்னா அங்க பாதி வீட்டுல தாத்தாமாருதான். சில போட்டோவுக்கு விளக்கம் தப்புன்னு வெளியாளுக காட்டுனப்போ 1999ல கண்காட்சியை நிறுத்தி, வரலாற்று ஆய்வாளர் குழு வச்சு சோதிச்சு, 2001ல புதுசா வச்சாங்க. எனக்கு அதுல பிடிச்சது இந்த நிறுத்துனதுதான். நம்மாளுகன்னா விளக்கம் கேட்டவனுக்கு மேல கேஸ் போட்டிருப்பாங்க.

அதனால காசை வாங்குங்க, ஆனா மையத்துக்க முதல் ஆராய்ச்சி அந்தக் காசைப் பத்தியே இருக்கட்டும். யாரு சுமந்தா, என்ன கூலி, தோண்டுன குழி எங்க மூடாம கெடக்கு, சுமந்தவங்க உடம்பு இப்ப எப்படி இருக்கு. அந்தக் குடும்பத்து ஆளு ஒருத்தரும் கமிட்டியில இருக்கக்கூடாது, அறிக்கை அச்சாவுறதுக்கு முன்னாடி அவங்க கண்ணுல படவும் கூடாது. இதை பத்திரத்துல எழுதி வாங்குங்க, வாய்ப்பேச்சு வேண்டாம்.

கல்வெட்டுக்கு ஆர்டர் கொடுத்தாச்சுன்னு கேள்விப்பட்டேன். கொடுத்தவங்க பேருக்கு கீழ ஒரு நாலு வரிக்கு இடம் விடச் சொல்லுங்க, சுமந்தவங்க பேரு எங்கிட்ட கொஞ்சம் இருக்கு.