சேது, உன் தளம் யார் பெயரில் இருக்கிறது?

அன்புள்ள சேது,

உன் இரண்டு கடிதங்களும் வந்தன. பதில் தாமதம்தான், நேரில் பார்க்கும்போது திட்டிக்கொள். இங்கே எல்லோரும் நலம். என் முழங்கால் வலியும் நலமாகவே இருக்கிறது. விஷயத்துக்கு வருகிறேன்: நம் நெட்டையன் கடிகாரங்களைப் பற்றி நடத்திய இணையதளம் போய்விட்டது.

பழுதாகி நிற்கிறது என்று நினைக்காதே. பெயரே கைமாறிவிட்டது. ஆண்டுக்கணக்காக அவன் எழுதிய பழுதுபார்ப்புக் குறிப்புகள், ஒவ்வொரு பல்சக்கரத்தையும் கழற்றி வெள்ளைத் துணியில் வைத்து எடுத்த படங்கள், எதுவும் இல்லை. அந்த முகவரியைத் திறந்தால் சூதாட்ட விளம்பரம் சுழல்கிறது. பக்கத்தின் தலையில் அவனுடைய பழைய பெண்டுலச் சின்னத்தை மட்டும் எடுக்காமல் வைத்திருக்கிறார்கள். வருகிறவன் நம்ப வேண்டும் அல்லவா? பழைய வாசகர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "உங்களுக்கு ஏன் இந்த வயதில் இந்தப் புத்தி?" என்று கேட்டாராம்.

கடிகாரக்காரன் தேதியைத் தவறவிட்டான் என்று நீ சிரிப்பாய். நானும் சிரித்தேன், அவன் எதிரில் இல்லாதபோது. ஆனால் கேட்கக் கேட்க எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏனென்றால் அவன் செய்த அத்தனையையும் நீயும் செய்துவைத்திருக்கிறாய்.

தளத்தை அமைத்துக் கொடுத்த பையன் டொமைனை, அதாவது தளத்தின் முகவரிப் பெயரை, தன்னுடைய கணக்கில், தன்னுடைய பெயரில் பதிவு செய்திருக்கிறான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, அவனுக்கு அது சுலபமாக இருந்தது, அவ்வளவுதான். பிறகு அவன் வேறு வேலைக்குப் போய்விட்டான். ஆண்டுதோறும் பணம் தானாகப் பிடித்தமான அட்டை காலாவதியாகிவிட்டது. காலாவதித் தேதிக்குச் சுமார் ஒரு மாதம் முன்பும், ஒரு வாரம் முன்பும் பெயரைப் பதிவு செய்து கொடுத்த நிறுவனம் நினைவூட்டல் அனுப்பியாக வேண்டும் என்பது, டொமைன் பெயர்களுக்கு உலக அளவில் விதி வகுக்கும் ஐகான் (ICANN) அமைப்பின் விதி. அனுப்பியும் இருப்பார்கள். யாரும் திறந்து பார்க்காத ஒரு மின்னஞ்சல் பெட்டியில் அவை போய் விழுந்திருக்கும்.

டாட் காம் போன்ற பெயர்கள் காலாவதியானவுடன் பறிபோய்விடுவதில்லை. முதலில் பதிவு நிறுவனம் தன் விருப்பப்படி சில நாள், அதிகம் போனால் 45 நாள், பொறுத்துப் பார்க்கும். சில நிறுவனங்கள் அதற்குள்ளாகவே ஏலத்தில் விட்டுவிடும். அதன்பின் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. கூடுதல் கட்டணம் கட்டினால் திரும்பக் கிடைக்கும். கடைசியாக 5 நாள் பெயர் உறைந்து கிடக்கும், யாராலும் தொட முடியாது. அதுவும் முடிந்தால் முந்துகிறவனுக்குச் சொந்தம். பல இடங்களிலிருந்து இணைப்புகள் வரும் பழைய பெயர்களை அந்த நொடியில் கவ்வுவதற்கென்றே நிரல் எழுதி வைத்துக் காத்திருக்கிறார்கள். நெட்டையனுக்கு இவ்வளவு அவகாசம் இருந்தும் தெரியவில்லை. அவனுடைய மின்னஞ்சலும் அந்த டொமைனிலேயே இருந்ததால், தளம் நின்றபோது அஞ்சலும் நின்றது. இப்போதெல்லாம் தனக்கு யாரும் எழுதுவதில்லை என்று வாரக்கணக்கில் மனம் நொந்துகொண்டு இருந்தானாம்! அவனிடம் யார் கேட்பது, தன் தளத்தைத் தானே ஒருமுறை திறந்து பார்க்கக்கூடாதா என்று.

சிரிப்பை இங்கே நிறுத்திக்கொள், சேது. பெயரை எடுத்தவனுக்கு அந்தப் பெயரில் வரும் அஞ்சலும் சேர்ந்தே போகிறது. நெட்டையன் தன் படச் சேமிப்பு, பணப் பரிமாற்றம், எல்லாவற்றுக்கும் அந்த முகவரியைத்தான் கொடுத்திருந்தான். 'கடவுச்சொல் மறந்துவிட்டதா?' என்பதை அழுத்தினால் மாற்றுவதற்கான இணைப்பு இனி யாருக்குப் போகும், யோசித்துப் பார். விளம்பரம் போட்டவன் அந்த அளவுக்குப் போகவில்லை என்றுதான் தெரிகிறது. ஆனால் அவனுடைய பெருந்தன்மையை நம்பியா நாம் வாழ்வது? நானும் நெட்டையனும் உட்கார்ந்து ஒவ்வொரு கணக்காகத் திறந்து முகவரியை மாற்றினோம். இரண்டு கணக்குகளில் உள்ளே நுழையவே முடியவில்லை. சரிபார்ப்பு எண் பழைய முகவரிக்குத்தான் போகிறது. அந்த நேரத்தில் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பெரியவர்களுக்கும் இது நடந்திருக்கிறது. 1999 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட், தன் ஹாட்மெயில் அஞ்சலுக்குள் நுழையப் பயன்பட்ட பாஸ்போர்ட் டாட் காம் பெயரைப் புதுப்பிக்க மறந்தது. ஹாட்மெயிலுக்குள் நுழைய முடியாமல் பலர் தவிக்க, சம்பந்தமே இல்லாத ஒரு நிரலாளர் தன் கையிலிருந்து கட்டணத்தைக் கட்டிவிட்டார். அவர்களுக்கு அப்படி ஒரு புண்ணியவான் வாய்த்தார். வர்த்தக முத்திரை வைத்திருப்பவர்கள் யூடிஆர்பி என்ற தகராறுத் தீர்வு முறையில் போய்ப் பெயரைத் திரும்பக் கேட்கலாம். நெட்டையனிடம் முத்திரையும் இல்லை, முத்திரை வாங்கும் எண்ணமும் இருந்ததில்லை.

இப்போது நீ. உன் சதுரங்கப் புதிர்த் தளத்தின் டொமைன் யார் பெயரில் இருக்கிறது? "தம்பி பார்த்துக்கொள்கிறான்" என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்ததும்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். தம்பி தங்கமானவன், எனக்குத் தெரியும். நெட்டையனுக்குச் செய்துகொடுத்த பையனும் தங்கமானவன்தான். டொமைனை யாரும் ஒரேயடியாக விலைக்கு வாங்குவதில்லை, குத்தகைக்குத்தான் எடுக்கிறோம். ஒரு நேரத்தில் பத்து ஆண்டுக்கு மேல் கொடுக்கவும் மாட்டார்கள். குத்தகைச் சீட்டில் உன் பெயர் இருக்க வேண்டும். பதிவு நிறுவனத்தில் உன் பெயரில் ஒரு கணக்கு, அதற்கு அந்த டொமைனில் இல்லாத வேறொரு மின்னஞ்சல், இரண்டடுக்குச் சரிபார்ப்பு, பெயரை வேறெங்கும் மாற்ற முடியாதபடி ஒரு பூட்டு. வீட்டில் இன்னொருவருக்கும் இதெல்லாம் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அபசகுனமாகப் பேசுகிறேன் என்று கோபிக்காதே.

நெட்டையனின் எழுத்தாவது மிஞ்சியதா என்று கேட்பாய். தளத்தின் கோப்புகளை வைக்கும் வாடகை இடமான ஹோஸ்டிங்கும் அதே பையனின் கணக்கில் இருந்ததால் கோப்புகள் போயின. பழைய இணையப் பக்கங்களின் நகலைச் சேர்த்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் தோண்டி, பாதிக்கு மேல் எடுத்துவிட்டோம். படங்கள் பல கிடைக்கவில்லை. பேக்கப் எங்கே என்று நெட்டையனைக் கேட்டால், "சர்வரிலேயே ஒரு ஃபோல்டரில் தினமும் எடுத்துக்கொண்டிருந்தது" என்கிறான். 2021 மார்ச் 10 அன்று ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையத்தில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று எரிந்து அழிந்தபோதும் இதே கதைதான். தளமும் அதன் நகலும் ஒரே இடத்தில் இருந்தவர்களுக்கு இரண்டும் சேர்ந்து போயின. உன் நகல் உன் கையில், உன் மேசை இழுப்பறையில் இருக்கும் வட்டில் இருக்க வேண்டும். எடுத்ததோடு விட்டுவிடாமல் ஒருமுறை வேறொரு இடத்தில் அதை விரித்துத் தளம் எழுந்து நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். விரித்துப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று ஒத்துக்கொள்வதில்லை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். "புதிய தளத்தைப் பார்த்துவிட்டு ஒளிக்காமல் சொல்" என்றாய். ஒளிக்காமலே சொல்கிறேன், பிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக்கூடாது.

கூகுள் உன்னைத் திட்டமிட்டு ஒதுக்குகிறது என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தாயே, நான் உன் முகப்புப் பக்கத்தின் மூல நிரலைத் திறந்து பார்த்தேன். 'நோஇண்டெக்ஸ்' என்று ஒரு வரி உட்கார்ந்திருக்கிறது. என்னைப் பட்டியலில் சேர்க்காதே என்று நீயே சொல்லிக்கொண்டிருக்கிறாய், அவர்களும் மரியாதையாகக் கேட்டுக்கொள்கிறார்கள். உன் தளத்தை நடத்தும் வேர்டுபிரஸ் மென்பொருளின் அமைப்புகளில் 'வாசிப்பு' என்ற பக்கத்தில், தேடுபொறிகள் வர வேண்டாம் என்று ஒரு கட்டம் இருக்கும். தளம் கட்டும்போது தம்பி அதை டிக் செய்திருப்பான், திறப்பு விழாவின்போது எடுக்க மறந்திருப்பான். உலகத்தில் மிகப் பரவலான மறதிகளில் இது ஒன்று. டிக்கை எடு, சதி முடிந்துவிடும்.

அதே நிரலில், 'முக்கியச் சொற்கள்' என்று ஒரு மூட்டை சொற்களையும் அடுக்கி வைத்திருக்கிறாய். வரிசைப்படுத்துவதற்கு அந்தக் குறிச்சொல்லைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009இலேயே அறிவித்துவிட்டது. யாரோ உன்னிடம் பழைய வைத்தியம் விற்றிருக்கிறார்கள். தேடுபொறிகள் எங்கே நுழையலாம், எங்கே கூடாது என்று சொல்லும் ரோபாட்ஸ் டாட் டிஎக்ஸ்டி கோப்பில் உன் வரைவுகள் இருக்கும் ஃபோல்டரின் பெயரை எழுதி 'நுழையாதே' என்று போட்டிருப்பதையும் பார்த்தேன். அந்தக் கோப்பு 1994இல் தொடங்கிய ஒரு நல்லெண்ண ஏற்பாடு. நல்லவன் மதிப்பான், கெட்டவன் முதலில் அதைத்தான் திறந்து, எங்கே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வான். ஒளிக்க வேண்டியதைக் கடவுச்சொல்லுக்குப் பின்னால் வை.

சதுரங்கப் பலகைப் படங்கள். என் கைப்பேசியில் ஒரு புதிர் திறப்பதற்குள் நான் அதைத் தீர்த்துவிடலாம், பலகை கண்ணுக்குத் தெரிந்தால். ஒவ்வொரு படமும் பல மெகாபைட், திரையில் தெரிவதோ உள்ளங்கை அளவு. பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிந்துவிட வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். அளவுகோல் கிடக்கட்டும், எனக்கே பொறுமை போய்விட்டது. படங்களைத் திரைக்கு வேண்டிய அளவுக்குச் சுருக்கி ஏற்று. ஒவ்வொன்றுக்கும், படத்தைப் பார்க்க முடியாதவர்களுக்குப் படித்துக் காட்டப்படும் மாற்று உரையாக, 'வெள்ளை ஆடி இரண்டு நகர்த்தலில் மேட். வெள்ளை ராஜா ஜி1, குதிரை எஃப்5' என்று காய்களின் இடத்தை எழுது. பார்வையற்றவர்கள் எத்தனை பேர் சதுரங்கம் ஆடுகிறார்கள், உனக்குத் தெரியாததா? திரைவாசிப்பான் இப்போது அவர்களுக்கு உன் கேமரா வைத்த கோப்புப் பெயரைப் படித்துக் காட்டிக்கொண்டிருக்கிறது. சாம்பல் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து எனக்கே தெரியவில்லை. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும் என்று அணுகல்தன்மை விதிமுறை சொல்கிறது.

மேலே ஓடும் அந்த ஸ்லைடர் யாருக்காக? மூன்றாவது படம் வரும்வரை யார் காத்திருக்கிறார்கள்? தூக்கு. தானாகப் பாடும் இசையைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

தொடர்புப் படிவத்தில் உனக்கு ஒரு வசவு எழுதி அனுப்பினேன். 'நன்றி, உங்கள் செய்தி கிடைத்தது' என்றது. உனக்குக் கிடைக்கவில்லை என்பது உன் சாந்தமான கடிதத்திலிருந்து தெரிகிறது. ஸ்பாமில் தேடிப் பார். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் அனுப்பியவர் உண்மையானவர்தான் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் போன்ற அத்தாட்சி இல்லாத அஞ்சல்களிடம் மிகவும் கண்டிப்பாக நடந்துகொள்கின்றன. தம்பியிடம் அதைச் சரிசெய்யச் சொல். மாதம் ஒருமுறை நீயே உனக்கு ஒரு செய்தி அனுப்பிப் பார்த்துக்கொள்.

புது வடிவத்துக்கு மாறியபோது எல்லாப் பக்கங்களின் முகவரியையும் மாற்றிவிட்டாய். நான் சேமித்து வைத்திருந்த உன் பழைய புதிர்கள் எல்லாம், பக்கமே இல்லை என்று 404 காட்டுகின்றன. பழைய முகவரியிலிருந்து புதியதற்கு 301 என்ற நிரந்தரத் திருப்பத்தைப் போடச் சொல்; வாசகனும் வந்து சேருவான், தேடுபொறியும் வழி தவறாது. அப்படியே தளத்தில் கூடுதல் வசதிக்காகச் செருகும் பிளகின்களையும் பார்க்கச் சொல். பயன்படுத்தாததை முடக்கி வைத்தால் போதாது, நீக்க வேண்டும். 'இலவசமாகக் கிடைத்த விலையுயர்ந்த தீம்' என்று பெருமையாக எழுதியிருந்தாயே, அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம். அப்படிப்பட்ட திருட்டுப் பிரதிகளில் பின்கதவு வைத்துத்தான் பெரும்பாலும் கொடுப்பார்கள். இன்றைக்கே கழற்று.

இன்னொரு காலாவதித் தேதியும் உனக்கு இருக்கிறது. பாதுகாப்பான இணைப்புக்கான எச்டிடிபிஎஸ் சான்றிதழ். இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் கொடுப்பது இப்போதைக்கு 90 நாள். முடியப்போகிறது என்று அஞ்சல் அனுப்பும் வழக்கத்தை அவர்கள் 2025 ஜூனில் நிறுத்திவிட்டார்கள். 2029 மார்ச்சிலிருந்து எந்த நிறுவனம் கொடுத்தாலும் 47 நாளுக்கு மேல் செல்லாது. ஆகவே கையால் புதுப்பிக்கும் வேலையெல்லாம் இனி நடக்காது. அது தானாகப் புதுப்பித்துக்கொள்கிறதா என்று தம்பியிடம் கேள். 'ஆமாம்' என்று சொன்னால் எப்படித் தெரியும் என்றும் கேள்.

நெட்டையன் புதுப் பெயர் எடுத்திருக்கிறான், இம்முறை தன் பெயரில். பழைய தளத்துக்கு இணைப்பு கொடுத்திருந்தவர்களைத் தேடிப் பிடித்து, மாற்றச் சொல்லி ஒவ்வொருவருக்காக எழுதிக்கொண்டிருக்கிறான். உன் பக்கத்திலும் அந்தப் பழைய இணைப்பு இருக்கிறது, வலது ஓரத்தில், 'நண்பர்கள்' என்ற தலைப்பின் கீழ். உன் வாசகர்களை நீ சூதாட்டத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறாய். மற்றதை நாளைக்குப் பார்க்கலாம், அதை இப்போதே எடு. அவனுக்கு ஒரு வரி எழுது, நான் சொன்னேன் என்று சொல்லாதே. புதுப் பெயரை அவன் வாயாலேயே கேட்டுக்கொள், அவனுக்கும் பேச ஆள் வேண்டும்.

டொமைன் கணக்கில் உன் பெயரைப் பார்த்தவுடன் எனக்கு எழுது. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராகவன்